தேவையை எழுதுவது எப்படி? கஞ்சிக்கோட்டு ரயில் பாதை தரும் பாடம்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாற்றைத் தாண்டியதும் வரும் ஊர் கஞ்சிக்கோடு. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப்புற ஊர், கேரளத்தின் முக்கியமான தொழிற்பகுதிகளுள் ஒன்றாகும். 1974-இல் இங்குத் தொடங்கப்பட்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் தொழிற்சாலை, மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்து பெயர் பெற்றது. 1976-இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் பாலக்காட்டுப் பிரிவு ஏற்பட்டது. அண்மைக் காலத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலையான வளாகமும் இவ்வூரை ஒட்டியே அமைந்துள்ளது.

வால்வு செய்யும் தொழிலாளிக்கு நன்கு தெரிந்த ஓர் உண்மை உண்டு. "வால்வு இறுக மூடிக்கொள்ள வேண்டும்" என்று வாங்குபவர் எழுதினால், அதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வால்வைச் செய்து ஒப்படைக்க முடியாது. இறுக மூடுதல் என்பது செய்தவருக்கு ஒரு விதமாகவும் வாங்கியவருக்கு வேறு விதமாகவும் தோன்றும். எனவேதான் உலகெங்கும் வால்வுகளின் கசிவு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் வகுப்பு வால்வு, மூடிய நிலையில், தன் முழுப் பாய்வுத் திறனில் 0.5 சதவீதம் வரை கசியலாம். மூன்றாம் வகுப்பில் இது 0.1 சதவீதம், நான்காம் வகுப்பில் 0.01 சதவீதம். ஆறாம் வகுப்பிலோ நிமிடத்திற்கு இத்தனை குமிழிகள் என்று எண்ணிப் பார்த்துவிடலாம். வகுப்பு எண்ணைக் குறிப்பிட்டவுடன் வாக்குவாதத்திற்கு இடமில்லாமல் போகிறது. சோதனை மேடையில் நீரையோ காற்றையோ செலுத்தி அளந்து பார்த்தால் போதும்.

இரும்பில் செய்யும் பொருளுக்கு நெடுங்காலமாக உள்ள இந்த ஒழுங்கு, கண்ணுக்குப் புலப்படாத மென்பொருளுக்கும் வேண்டும் அல்லவா? அதற்கான இரண்டு எளிய கருவிகளே பயனர் கதையும் ஏற்பு நிபந்தனையும் ஆகும். இவற்றை எவ்வாறு செம்மையாக எழுதுவது என்பதே இவ்வுரையின் பொருள்.

முறையின் பிறப்பு

கணிப்பொறித் துறையில் முற்காலத்தில் ஒரு திட்டத்தின் தேவைகள் அனைத்தும் முதலிலேயே பெரிய ஆவணமாகத் தொகுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த ஆவணத்தில் கையெழுத்திட்ட பின்னர், ஓரிரு ஆண்டுகள் கழித்து மென்பொருள் வந்து சேரும். அதற்குள் தேவை மாறியிருக்கும். அல்லது முதலிலேயே அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும்.

இந்தக் குறையைப் போக்க 1990-களில் பல முயற்சிகள் நடைபெற்றன. அமெரிக்காவின் கிரைஸ்லர் மோட்டார் நிறுவனத்தின் சம்பளக் கணக்குத் திட்டத்தில் பணியாற்றிய கென்ட் பெக், தேவைகளைச் சிறிய அட்டைகளில், பயன்படுத்துபவரின் சொற்களிலேயே எழுதும் பழக்கத்தைப் பரப்பினார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள், இத்தகைய முறைகளுக்கு "அஜைல்" என்று பொதுப்பெயர் சூட்டினர். சிறுசிறு பகுதிகளாகச் செய்து, அவ்வப்போது பயனரிடம் காட்டி, திருத்திக்கொண்டே முன்செல்வது இதன் அடிப்படை.

அதே ஆண்டில் ரான் ஜெஃப்ரீஸ், பயனர் கதைக்கு மூன்று உறுப்புகள் உண்டு என்று விளக்கினார். முதலாவது அட்டை: தேவையை நினைவூட்டும் சில வரிகள். இரண்டாவது உரையாடல்: எழுதியவரும் செய்பவரும் பயன்படுத்துபவரும் அமர்ந்து பேசித் தெளிதல். மூன்றாவது உறுதிப்பாடு: வேலை முடிந்தது என்பதைக் காட்டும் சோதனை. இவற்றுள் மூன்றாவதே ஏற்பு நிபந்தனை எனப்படுகிறது. 2003-இல் பில் வேக், நல்ல கதைக்கு ஆறு இயல்புகளைத் தொகுத்தார். கதை தனித்து நிற்க வேண்டும். பேசித் திருத்தத்தக்கதாக இருக்க வேண்டும். பயன் தர வேண்டும். உழைப்பை மதிப்பிட இடம் தர வேண்டும். சிறியதாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

பெயர் புதிதாக இருப்பினும் கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் எனும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், கிராமங்களுக்கென 128 இணைப்புகள் கொண்ட சிறிய தானியங்கித் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. வெளிநாட்டு நிலையங்களுக்குக் குளிர்பதன வசதி தேவைப்பட்டது. கிராமத்துக் கட்டடத்தில் வெப்பமும் தூசியும் உண்டு, குளிர்பதனத்திற்கு வழியில்லை. ஆகவே குளிர்பதனம் இன்றியே இயங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனையாயிற்று. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் நிலையம் நிறுவப்பட்டது. பயன்படுத்தும் இடத்தின் நிலையை நிபந்தனையாக மாற்றியதே இம்முயற்சியின் வெற்றிக்கு ஒரு காரணம் எனலாம்.

கஞ்சிக்கோட்டின் இன்னொரு முகம்

கஞ்சிக்கோட்டில் ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு அப்பால் காடு தொடங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செல்லும் ரயில் பாதை 1862-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. இன்று கஞ்சிக்கோட்டிற்கும் வாளையாற்றிற்கும், அதற்கப்பால் தமிழ்நாட்டின் எட்டிமடை, மதுக்கரை வரைக்கும், "ஏ" பாதை, "பி" பாதை என இரண்டு பாதைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன. இவற்றுள் "பி" பாதை காட்டினுள் ஆழமாகச் செல்வது. யானைகள் நீரையும் தீவனத்தையும் தேடி இப்பாதைகளைக் கடந்தே ஆக வேண்டும். பாதை வெட்டப்பட்ட மேட்டுப் பகுதிகளில், ரயில் வருவதைக் கண்டாலும் யானைக் குட்டிகள் ஏறி விலக இயலாது.

இதன் விளைவு பல முறை துயரமாக முடிந்துள்ளது. 2021 நவம்பர் 26 இரவு, கோயம்புத்தூர் மாவட்டம் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பின்னர்த் தொழில்நுட்பத்தின் உதவி நாடப்பட்டது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை, மதுக்கரைப் பகுதியில் ரூ. 7.24 கோடிச் செலவில் 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமராக்களைப் பொருத்தி, செயற்கை நுண்ணறிவின் துணையால் யானைகளை அடையாளம் காணும் அமைப்பைத் தொடங்கி வைத்தது. ரயில்வே அமைச்சகம், 2023 நவம்பரில், "கஜராஜ்" எனும் முறையை ரூ. 181 கோடியில் 700 கி.மீ. பாதைக்கு விரிவாக்கப் போவதாக அறிவித்தது. பாதையோரம் புதைத்த ஒளியிழைக் கேபிளின் வழியே ஒளித்துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. யானையின் காலடி அதிர்வு கேபிளை எட்டும்போது, திரும்பி வரும் ஒளியில் சிறு மாறுதல் ஏற்படுகிறது. அது திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு இடம் கணிக்கப்படுகிறது. இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்வதால், ஒரு கி.மீ. தொலைவுக்குப் போய்வர 10 மைக்ரோ வினாடியே ஆகும். பாலக்காடு ரயில்வே கோட்டத்தின் காட்டுப் பகுதிக்கும் இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டது.

இத்தகைய அமைப்பில் கேமராவும் கேபிளும் பாதி வேலையையே செய்கின்றன. உணர்ந்த செய்தியை ஆராய்ந்து, உரியவருக்கு உரிய நேரத்தில் கொண்டு சேர்ப்பது மென்பொருளின் வேலை. அதற்கான தேவையை எழுதும் பொறுப்பு ஒரு மாணவர் குழுவிடமோ ஓர் அலுவலரிடமோ வருவதாகக் கொள்வோம். இனி வரும் கதைகளும் எண்களும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எந்தத் துறையின் ஆவணத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

குறையுள்ள கதை

பெரும்பாலோர் முதலில் இவ்வாறு எழுதுவர்: "யானைகளை உடனுக்குடன் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்பும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு வேண்டும்."

இதில் நான்கு குறைகள் உள்ளன. முதலாவது, எச்சரிக்கை யாருக்கு என்று சொல்லப்படவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு திரையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இவ்வாக்கியம் நிறைவேறியதாகிவிடும், ரயில் நிற்காது. இரண்டாவது, எதற்காக என்று சொல்லப்படவில்லை. மூன்றாவது, "உடனுக்குடன்" என்பது அளவில்லாத சொல். "இறுக மூட வேண்டும்" என்பதைப் போன்றதே இதுவும். நான்காவது, தேவைக்குப் பதிலாகக் கருவி பேசப்பட்டுள்ளது. செயற்கை நுண்ணறிவு ஒரு வழி. கேபிளோ, காவலரின் கைவிளக்கோ அதே பயனை நிறைவாகத் தருமானால் அதுவும் ஏற்கத்தக்கதே.

திருத்திய கதை

நல்ல கதை மூன்று கேள்விகளுக்கு விடை தரும். யாருக்கு? என்ன வேண்டும்? எதற்காக? 2001-இல் இலண்டனின் கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் வழக்கத்திற்கு வந்த இந்த அமைப்பு இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதன்படி எழுதினால்:

"இரவில் கஞ்சிக்கோட்டிற்கும் வாளையாற்றிற்கும் இடையே ரயில் ஓட்டும் ஓட்டுநருக்கு, முன்னால் பாதையருகே யானை வந்துள்ள இடம், ரயிலை நிறுத்தப் போதிய தொலைவு இருக்கும்போதே தெரிய வேண்டும், யானை மீது மோதாமல் அவர் ரயிலை நிறுத்துவதற்காக."

இப்போது பயனர் கண்முன் நிற்கிறார். அவர் இருளில், வளைவுகள் நிறைந்த பாதையில், இயந்திர ஓசைக்கு நடுவே இருக்கிறார். அவரது கண் சிக்னலிலும் பாதையிலும் இருக்க வேண்டும். கைபேசியில் வரும் படத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. நிலைய அதிகாரி வாக்கி-டாக்கியில் சொல்லும் ஒரு வாக்கியமே அவருக்குப் பயன்படும். பயனர் யார் என்று தெளிவானதும், செய்தி எந்த வடிவில் செல்ல வேண்டும் என்பதும் தானே தெளிவாகிவிடுகிறது.

ஒரே அமைப்பிற்குப் பயனர் பலர் இருக்கலாம். நிலைய அதிகாரிக்கு எந்த ரயிலை எச்சரிப்பது என்பது தெரிய வேண்டும். வனக் காவலருக்கு யானைக் கூட்டம் எத்திசையில் நகர்கிறது என்பது தெரிய வேண்டும். விடியற்காலையில் பாதையை நடந்து பார்க்கும் ரயில்வே பணியாளருக்கு, தான் செல்லும் வழியில் யானை உண்டா என்பது உயிர்ப் பிரச்சினை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கதை எழுதப்பட வேண்டும். எல்லோரையும் "பயனர்" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் ஒருவருக்கும் பயன்படாத மென்பொருளே கிடைக்கும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

ஏற்பு நிபந்தனையில் எண் வேண்டும். அந்த எண் எழுதுபவரின் விருப்பத்திலிருந்து வரக்கூடாது. பயனரின் பணியிலிருந்து வர வேண்டும். இதை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம்.

ரயில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வந்தால், வினாடிக்கு 12.5 மீட்டர் செல்லும். பிரேக் போட்டபின் அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 0.5 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொண்டால், நிற்பதற்கு 25 வினாடியும் ஏறத்தாழ 156 மீட்டரும் ஆகும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், இதே கணக்குப்படி 50 வினாடியும் 625 மீட்டரும் வேண்டும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இத்துடன் செய்தி செல்லும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். யானையை உணர்ந்ததிலிருந்து ஓட்டுநர் பிரேக்கைத் தொடும் வரை 60 வினாடி ஆகுமானால், 45 கி.மீ. வேக ரயில் அதற்குள் 750 மீட்டர் வந்துவிடும். மொத்தம் 906 மீட்டர். 90 கி.மீ. வேக ரயிலுக்கு 1,500 மீட்டரும் 625 மீட்டரும் சேர்ந்து 2,125 மீட்டர் ஆகும். அந்த நேரத்தை 20 வினாடியாகக் குறைத்தால், இத்தொலைவுகள் முறையே 406 மீட்டராகவும் 1,125 மீட்டராகவும் சுருங்கும்.

யானையின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. இயல்பாக நடக்கும் யானை மணிக்கு 6 கி.மீ. செல்வதாகக் கொண்டால், நிமிடத்திற்கு 100 மீட்டர். பாதையிலிருந்து 100 மீட்டர் தொலைவில் அது உணரப்பட்டால், பாதையை அடைய 60 வினாடி இருக்கிறது. செய்திக்கு 20 வினாடி, 45 கி.மீ. வேக ரயில் நிற்க 25 வினாடி, ஆக 45 வினாடி. 15 வினாடி மிஞ்சுகிறது. 90 கி.மீ. வேகத்திலோ 20-உம் 50-உம் சேர்ந்து 70 வினாடி ஆகிவிடுகிறது. மென்பொருள் குறையின்றி இயங்கினாலும் ரயில் நிற்குமுன் யானை பாதைக்கு வந்துவிடும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். ஒன்று, 20 வினாடி, 100 மீட்டர் ஆகிய எண்களுக்கு இப்போது காரணம் உண்டு. யார் கேட்டாலும் விளக்க முடியும். மற்றொன்று, இந்த நிபந்தனைகள் இரவு நேர வேகக் கட்டுப்பாட்டுடன் சேர்ந்தே பயன் தரும். புதிய கருவி வந்துவிட்டது என்பதற்காக வேகத்தை உயர்த்தினால், கருவி வாங்கிய பயன் போய்விடும்.

நிபந்தனைகளை எழுதும் முறை

இங்கிலாந்தைச் சேர்ந்த டான் நார்த்தும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த ஒரு வடிவம் இங்குப் பெரிதும் உதவும். "இந்நிலை இருக்கும்போது, இது நிகழ்ந்தால், இவ்விளைவு ஏற்பட வேண்டும்" என்பது அவ்வடிவம். நமது கதைக்கு நிபந்தனைகள் பின்வருமாறு அமையலாம்:

1. நிலவில்லாத இரவில், வளர்ந்த யானை ஒன்று பாதையிலிருந்து 100 மீட்டர் தொலைவிற்குள் வந்தால், 20 வினாடிக்குள் அப்பகுதியில் உள்ள ரயிலின் ஓட்டுநருக்குச் செய்தி எட்ட வேண்டும்.

2. செய்தியில் பாதையின் பெயரும் ("ஏ" அல்லது "பி") கிலோமீட்டர் கல் எண்ணும் இருக்க வேண்டும்.

3. கனமழை பெய்யும்போதும், மூடுபனி உள்ளபோதும் முதல் நிபந்தனை நிறைவேற வேண்டும்.

4. தாயுடன் வரும் குட்டி பின்தங்கினால், தாய் பாதையைக் கடந்துவிட்டதை மட்டும் வைத்து "பாதை தெளிவாக உள்ளது" என்ற செய்தி செல்லக்கூடாது.

5. மேயும் மாடோ, பாதையோரம் நடக்கும் பணியாளரோ, எதிர்ப்பாதையில் செல்லும் சரக்கு ரயிலோ இருக்கும்போது, யானை என்ற செய்தி செல்லக்கூடாது.

6. மின்சாரமோ தகவல் இணைப்போ அறுபட்டால், ஒரு நிமிடத்திற்குள் நிலைய அதிகாரிக்கு "அமைப்பு இயங்கவில்லை" என்று தெரிய வேண்டும்.

7. தமிழ்நாட்டுப் பகுதியில் உணரப்பட்ட யானை கேரளத்தை நோக்கி நகர்ந்தால், இரு மாநில வனத்துறைக் காவலர்களுக்கும் ஒரே நேரத்தில், அவரவர் மொழியில் செய்தி செல்ல வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவதும் ஆறாவதும் சிறப்பாகக் கருதத்தக்கவை. பொய்யான எச்சரிக்கை ஒரு சிறு தொல்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஒரே இரவில் பல முறை காரணமின்றி ரயிலை நிறுத்திய ஓட்டுநர், அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையையும் ஐயத்துடனேயே கேட்பார். தவறவிட்ட யானைகள் எத்தனை, யானை இல்லாமலே எழுந்த எச்சரிக்கைகள் எத்தனை என்ற இரண்டும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும். "90 சதவீதம் துல்லியம்" என்ற ஒரே எண் இவ்விரண்டையும் மறைத்துவிடும். ஆறாவது நிபந்தனையோ மௌனத்தைப் பற்றியது. எச்சரிக்கை வராததற்கு யானை இல்லாதது காரணமா, கருவி பழுதுபட்டது காரணமா என்று ஓட்டுநருக்குத் தெரியாவிட்டால், அந்த அமைப்பு இல்லாதிருப்பதே மேல்.

ஏழாவது நிபந்தனை நிர்வாகத்தைத் தொடுகிறது. வாளையாற்றில் மாநில எல்லை உண்டு. யானைக்கு அது தெரியாது. இரண்டு வனத்துறைகளும் ரயில்வேயும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்தாலும், செய்தி எல்லையில் நின்றுவிட்டால் விபத்து நிகழும். எந்த ஒரு துறையின் ஆவணத்திலும் இடம்பெறாமல் போகும் இத்தகைய தேவைகளைப் பயனரின் பக்கமிருந்து எழுதிய கதை வெளிக்கொணரும்.

பெரிய கதையைப் பகுத்தல்

மேற்கண்டவை அனைத்தையும் ஒரே முறையில் செய்து முடிக்க இயலாது. பகுக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. முதல் ஆறு மாதம் கேமரா, அடுத்த ஆறு மாதம் தரவுத்தளம், பின்னர்த் திரை என்று அடுக்கு அடுக்காகப் பிரிப்பதே அத்தவறு. இப்படிச் செய்தால் கடைசி நாள் வரை ஓட்டுநருக்கு ஒரு செய்தியும் கிடைக்காது.

மாறாக, பாதையில் யானைகள் மிகுதியாகக் கடக்கும் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உணர்வதிலிருந்து ஓட்டுநருக்குச் சொல்வது வரை முழுமையாக முடிக்க வேண்டும். தொடக்கத்தில் கேமராப் படத்தை மனிதரே பார்த்து, நிலைய அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னாலும் போதும். அந்த இடத்தில் செய்தி 20 வினாடிக்குள் போய்ச் சேருகிறதா என்று தெரிந்துவிடும். சேரவில்லையெனில், பணம் பெருமளவு செலவாகுமுன்பே குறை வெளிப்படும். அடுத்த கதையில் மனிதரின் இடத்தில் மென்பொருள் வரும். அதற்கடுத்த கதையில் இரண்டாவது இடம் சேரும்.

உரையாடலின் இன்றியமையாமை

அட்டையில் எழுதியது உரையாடலுக்கான அழைப்பு மட்டுமே. குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதிய நிபந்தனைகளைக் களத்திலுள்ளவரிடம் படித்துக் காட்டினால், அவர் கேட்கும் கேள்விகளே பெரும் பயன் தரும். ரயில் ஏற்கெனவே 400 மீட்டருக்குள் வந்துவிட்டிருந்தால் என்ன சொல்வது, நிறுத்தவா, ஒலிப்பான் அடிக்கவா? யானை பாதையிலேயே நின்றுவிட்டால் ரயில் எத்தனை நேரம் காத்திருக்கும்? பின்னால் வரும் ரயிலுக்கு யார் சொல்வது? பாதைக்கு அருகே எந்த மாதத்தில் எந்த மரம் பழுக்கிறது, எந்த ஓடையில் நீர் வற்றுகிறது என்பதை வனக் காவலர் அறிவார். இக்கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு புதிய நிபந்தனையாகவோ புதிய கதையாகவோ மாறும்.

சோதனையையும் களத்திலேயே செய்ய வேண்டும். பகல் நேரத்தில், அலுவலக வளாகத்தில், பழைய படங்களைக் காட்டி அமைப்பு யானையைக் கண்டுகொண்டது என்று மெய்ப்பிப்பது எளிது. பழக்கப்பட்ட யானையை இரவில் பாதையருகே நடத்திச் சென்று, கடிகாரத்தைக் கையில் வைத்து, ஓட்டுநர் அறையில் ஒருவரை அமர்த்திப் பார்ப்பதே உண்மையான ஏற்புச் சோதனை. ஆலையில் வால்வை அழுத்தத்திற்கு உட்படுத்திப் பார்ப்பது போன்றதே இதுவும்.

அலுவலர் கவனத்திற்கு

அரசுத் துறைகளில் மென்பொருள் பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளி வழியாகவே வாங்கப்படுகிறது. அவ்வாவணங்களில் "அமைப்பு திருப்திகரமாக இயங்க வேண்டும்", "பயன்படுத்துவதற்கு எளிதாக இருக்க வேண்டும்" போன்ற தொடர்கள் வழக்கமாக இடம்பெறுகின்றன. பணம் வழங்கும் நாளில் இத்தொடர்களே வழக்கிற்குக் காரணமாகின்றன. ஒவ்வொரு தவணைத் தொகையையும் ஒரு குறிப்பிட்ட கதையின் ஏற்பு நிபந்தனைகளோடு இணைத்துவிட்டால், தருபவர் பெறுபவர் இருவருக்குமே பாதுகாப்பு. ஆயினும் நிபந்தனைகள் கருவியின் உள்ளமைப்பை விதிக்கக்கூடாது. எதை அடைய வேண்டும் என்பதைத் துறை சொல்ல வேண்டும். எவ்வாறு அடைவது என்பதைச் செய்பவரிடம் விட வேண்டும்.

இந்த ஒழுங்கு யானைக்கு மட்டும் உரியதன்று. நியாயவிலைக் கடையில் கைரேகை பதிந்து பொருள் வழங்கும் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். "குடும்ப அட்டைதாரரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினால், உழைத்துத் தேய்ந்த விரல்களை உடைய மூதாட்டி வெறும் பையுடன் திரும்பக்கூடும். "கைரேகை பதியாத முதியவருக்கும் அதே நாளில் அதே கடையில் வேறு வழியில் சரிபார்த்துப் பொருள் கிடைக்க வேண்டும்" என்ற ஒரு நிபந்தனை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் அந்நிலை நேராது. இயல்பாக நடப்பதை எல்லோரும் எழுதிவிடுவர். இயல்பு பிறழும் இடத்தை எழுதுவதில்தான் எழுதுபவரின் பொறுப்பு வெளிப்படுகிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவர்கள் தம் செயல்திட்டங்களில் நிரல் எழுதத் தொடங்குமுன், ஒரு தாளில் ஒரே ஒரு கதையையும், அதற்கான ஐந்து நிபந்தனைகளையும் எழுதிப் பார்க்கலாம். எழுதியதை அப்பயனர் இருக்கும் இடத்திற்கே எடுத்துச் சென்று படித்துக் காட்டலாம். அவர் தலையசைத்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது நிறைவேறிவிட்டது என்பதை எதைப் பார்த்து ஒப்புக்கொள்வீர்கள்?" அவர் தரும் விடையே உண்மையான ஏற்பு நிபந்தனை. அவருக்கு விடை சொல்லத் தெரியாவிட்டால் கதை இன்னும் முதிரவில்லை என்று பொருள்.

கஞ்சிக்கோட்டு ஆலையில் ஒரு வால்வு சோதனை மேடையைத் தாண்டாமல் வாயிலைக் கடப்பதில்லை. அதே ஊரின் வழியே இரவில் செல்லும் ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் உறங்குகின்றனர். இருளில் ஒரு தாய் யானை தன் குட்டியுடன் பாதையை நெருங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் மென்பொருளுக்கு, வால்வுக்கு வைக்கும் அளவுகோலைவிடக் குறைந்த அளவுகோல் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அளவுகோலை முதல் நாளிலேயே, பயன்படுத்துவோரின் சொற்களில், அளந்து பார்க்கத்தக்க எண்களில் எழுதி வைப்பது தேவையை எழுதும் ஒவ்வொருவரின் கடமையாகும்.